கொல்லிமலையின் நீராடு கரை

கொல்லிமலைக்குக் கடலில்லை, ஆதலின் கடற்கரையும் இல்லை. ஆயினும் ஊராரும் வழிப்போக்கரும் ஒருங்கு கூடி நீராடுதற்குரிய பொதுக்கரையொன்று ஆகாயகங்கை அருவியின் அடியிலே உண்டு. பாறை செறிந்த சிறு கரையே அது. அதனைக் குறித்து யாம் ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

அக்கரையின் வரலாறு அருவியடியிற் றொடங்கவில்லை. மேலே அறப்பளீசுரர் கோயிலருகே தொடங்குகின்றது. கோயிலை அடுத்தோடும் ஐயாறே தாழச்சென்று, ஏறக்குறைய 300 அடி உயரத்தினின்றும் வீழ்ந்து ஆகாயகங்கை எனப் பெயர் பெறுகின்றது. கோயிலருகே அவ்வாற்றில் வாழும் மீன்களைப் பிடித்துண்ணும் வழக்கமில்லை. பொரியிட்டு வளர்த்தலே வழக்கம். முன்னொருகால் ஒருவர் மீனைப் பிடித்து அரிந்து சமைக்கப் புக, துண்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தி உயிர்பெற்று நீரிற் குதித்தன என்பது தலவழக்கு. கதையை நம்புவார் நம்புக; நம்பாதார் விடுக. காவலர் எவருமின்றியே ஓர் ஆற்றுத்துறையின் உயிர்களை அக்கதை காத்து வருகின்றதென்பதை இருவரும் மறுத்தற்கியலாது.

அருவியடிக்கு அத்தகைய கதை வாய்த்திலது. முன்னாளில் மலைவாழ் மக்களும், நடந்தேறி வரும் அடியார்களுமே இத்தலத்தை நாடினர். இந்நாளில் காரவள்ளியினின்றும் 70 கொண்டையூசி வளைவுகளையுடைய பாதையிற் பேருந்துகள் ஏறுகின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இறங்கித்தான் அருவியை அடைதல் வேண்டும். அதனையும் பொருட்படுத்தாது மக்கள் திரளாக இறங்குகின்றனர். ஆடித்திங்களில் அரசாங்கத்தார் வல்வில் ஓரி விழாக் கொண்டாடுங்கால் நெருக்கத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனது பெயரால் வந்து கூடுவோர் அவன் மலைக்கு வழங்கிச் செல்வன வெறும் புட்டிகளும் சவர்க்காரத் தாள்களுமே என்பது நகைத்தற்குரியதோ, வருந்தற்குரியதோ, யாமறியோம்! ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் விலக்கியிருக்கின்றனர். மேலே ஒரு கதை செய்ததைக் கீழே சட்டம் செய்யவியலாது நிற்கின்றது.

இதனாற் சிலர், வருவோர் தொகையைக் குறைத்தல் வேண்டும் என்பர். யாம் அதற்கு உடன்படோம். பொதுவாய் வந்த கரையை அடைப்பின், முதலில் வெளியே நிற்பவர் எளியோரே. தடுத்தற்குரியவர் மக்களல்லர், நீரிற் கலக்கும் சவர்க்காரமும் ஷாம்புவுமே. அந்நீர் அங்கே முடிந்துவிடுவதன்று. மலையிறங்கித் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் மீண்டும் மக்கள் முழுகும் நீராகின்றது. மேலிருப்பான் கழுவிய அழுக்கிற் கீழிருப்பான் நீராடல் எவ்வகை நியாயம்?

ஆதலின் அடுத்த சுற்றுலாவிற்குப் புறப்படும் நம் மாணவர் சவர்க்காரத்தை விடுதியிலேயே வைத்துச் செல்வாராக. ஆகாயகங்கை விழும் வேகத்தில் முதுகு தேய்ப்பாரும் வேண்டுவதில்லை.