சோதனையே முதற்றொண்டு

பலர் கூடிப் பொதுநலத்தின் பொருட்டு இயற்றும் மென்பொருட்குத் தாமும் கைகொடுத்தல் வேண்டும் என்னும் ஆர்வம் இந்நாளில் நம் மாணாக்கரிடையே மிகுந்து வருகின்றது. இது போற்றற்குரியதே. ஆயினும், வந்தவுடன் நிரலைத் திருத்த முற்படுவார் பலர். உள்ளதை உள்ளவாறு கட்டி, இயக்கி, சோதித்துப் பார்ப்பார் சிலரே. இம்முறை பிழையுடையது என்பது எமது கருத்து.

தமிழ் விக்கிப்பீடியாவைத் தாங்கி நிற்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். முன்னாளில் அதனை அமைக்க முயன்றோர் பிஎச்பி, தரவுத்தளம், வலைவழங்கி ஆகியவற்றைத் தனித்தனியே நிறுவித் தொல்லையுற்றனர். ஒருவர் கணினியில் ஓடியது மற்றொருவர் கணினியில் ஓடாது நின்றதும் உண்டு. 2013ஆம் ஆண்டில் வெளிப்போந்த டாக்கர் என்னும் கருவி இவ்விடரைப் பெரிதும் குறைத்தது. கணினியின் கெர்னலை மட்டும் பொதுவாகக் கொண்டு, ஏனைய யாவற்றையும் ஒரு கொள்கலத்துள் அடக்கித் தருவது அதன் இயல்பு. மீடியாவிக்கியின் மூலநிரலோடு டாக்கர் கம்போஸ் கோப்பும் உடன் வருகின்றது. மூலநிரலைப் படியெடுத்து, சூழற்குறிப்புக் கோப்பொன்றை எழுதி, கொள்கலங்களை எழுப்பி, சார்புப் பொதிகளைக் கம்போசரால் நிறுவி, அமைப்பு நிரலை இயக்கின், 8080 என்னும் வாயிலில் தளம் தோன்றும்.

தளம் தோன்றியதும் வேலை முடிந்ததென்று எண்ணற்க. ஓரெழுத்தையும் மாற்றுமுன் பிஎச்பியூனிட் சோதனைகளை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். முன்னரே தவறி நின்ற சோதனை யாதென அறியாதவன், பின்னர்த் தன் திருத்தத்தால் விளைந்த பழுது யாதென எங்ஙனம் அறிவான்?

கொள்கலமே யாவும் செய்யுமாயின் நாம் கற்கவேண்டுவது யாது என்று வினவுவாரும் உளர். லினக்ஸ் கணினியில் தம் பயனர் எண்ணைச் சூழற்குறிப்பில் எழுத மறப்பின், கோப்புகளின் உரிமை மாறுபட்டு இடர் விளையும். கலத்தின் உள்ளும் புறமும் அறியாதவன் அங்கே மயங்கி நிற்பான். கருவி உழைப்பைக் குறைக்குமேயன்றி அறிவைத் தாராது.

வழிகாட்டியிற் கண்டவாறு செய்தும் ஒரு படி தவறுமாயின், நாணி விலகுதல் வேண்டா. பழகியவர் கண்ணுக்கு மறைந்த குறை புதியவர் கண்ணுக்கே புலப்படும். அதனைத் திருத்தியெழுதுதல் புதுநிரல் எழுதுதற்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. வழிகாட்டி பழுதுற்ற மென்பொருள் பெயரளவிலேயே பொதுவுடைமை. பின்வருவார்க்கு அதன் வாயில் அடைபட்டே கிடக்கும்.

நண்பர்காள்! முதல் நாளிலேயே புகழை நாடாது, அவ்வாயிலைத் திறந்து வைக்கும் பணியை மேற்கொள்வீராக.