தூணைக் குறைப்போர் கவனத்திற்கு

வந்தாறுமூலைப் பக்கம் கடையோ மண்டபமோ கட்ட எண்ணும் வர்த்தக சகோதரர்களுக்கு நடுவில் தூண் இல்லாத தளம் ஆசைதான். அதற்கு ஏற்ற வழிகளில் ஒன்று போஸ்ட் டென்ஷன் முறை. கொங்கிறீற்றினுள் குழாய்களைப் பதித்து, அது இறுகிய பின் குழாய்க்குள் உள்ள உருக்கு வடங்களை ஹைட்ரோலிக் ஜாக்கினால் இழுத்து, முனையில் ஆப்பிட்டுப் பூட்டுவர். பின்னர் குழாய்க்குள் சீமெந்துக் கரைசலை அழுத்தி நிரப்புவர். வடத்தைத் துருவிலிருந்து காப்பது அதுவே.

1985 டிசம்பரில் வேல்ஸில் இனிஸ்-இ-குவாஸ் பாலம் திடீரென இடிந்தது. உத்தரப் பொருத்துகளில் உப்பு இறங்கி வடங்கள் துருப்பிடித்திருந்தன. 1992இல் பிரித்தானியா இவ்வகைப் புதிய பாலங்களையே இடைநிறுத்தியது. அங்கே பனிக்காக வீதியில் தூவிய உப்பு. இங்கே கடலும் வாவியும் உள்ள ஊர்.

எனவே விலை பேசும்போதே மூன்றை எழுத்தில் கேளுங்கள்: ஜாக்கின் அழுத்தமானியைப் பரிசோதித்த சான்றிதழ், ஒவ்வொரு வடமும் நீண்ட அளவு, குழாய்கள் முழுமையாக நிரம்பியதற்குப் பொறியியலாளரின் உறுதி. வடம் செல்லும் வரைபடத்தையும் பத்திரப்படுத்துங்கள். அதைப் பாராமல் தளத்தில் துளையிட விடாதீர்கள்.

இவற்றைத் தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுப்பதைவிட, நடுவில் ஒரு தூணை நிறுத்துவதே இலாபம் என்பேன்.