பதிவேட்டில் அகப்படாதவை

தமிழ்நாட்டின் பல ஊர்களில் என்.ஜி.ஓ. காலனி என்றொரு குடியிருப்பு உண்டு. அரசிதழில் பெயர் வெளியாகும் நிலைக்கு உயராத அரசு ஊழியர்கள் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட பகுதி அது. அதே மூன்றெழுத்துகள்தான் பின்னாளில் அரசு சாரா நிறுவனங்களையும் குறிக்க வந்தன. அரசுக்குள் இருப்பவருக்கும் அரசுக்கு வெளியே நிற்பவருக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆனால் 'லாப நோக்கற்ற துறை' என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதிலும் ஏறத்தாழ இதே குழப்பம் நிலவுகிறது.

சென்னையில் எத்தனை தொண்டு நிறுவனங்கள் இயங்குகின்றன என்று கேட்டால் ஒரு பதில் கிடைக்காது. நாலைந்து பதில்கள் கிடைக்கும். சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரின் ஏட்டில் இருக்கின்றன. அறக்கட்டளைகளின் ஆவணங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில், வீட்டுக் கிரயப் பத்திரங்களுக்கு நடுவே உறங்குகின்றன. கம்பெனிச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் பதிவானவை கம்பெனிப் பதிவாளரிடமும், வரிச்சலுகை பெற்றவை வருமான வரித் துறையிடமும், வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதி பெற்றவை மத்திய உள்துறை அமைச்சகத்திடமும் இருக்கின்றன. ஒரே நிறுவனம் மூன்று ஏடுகளில் இடம்பெறலாம். எந்த ஏட்டிலும் இல்லாமல் முப்பது ஆண்டுகள் வேலை செய்துகொண்டும் இருக்கலாம்.

பதிவேட்டை நம்பி எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு நாடு தழுவிய சான்று ஒன்று இருக்கிறது. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய கணக்கெடுப்பில், 2008 வரை பதிவான சங்கங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 31.7 லட்சம் எனத் தெரியவந்தது. களத்தில் இறங்கித் தேடியபோது கண்டுபிடிக்க முடிந்தவை ஏறத்தாழ ஏழு லட்சம்தான். மற்றவற்றுள் முகவரி மாறியவை உண்டு, செத்தவை உண்டு, பிறந்த அன்றே காகிதமாக நின்றுவிட்டவையும் உண்டு. சங்கங்களைப் பிறப்பித்துப் பதிவு செய்கிறோம். அவற்றின் இறப்பைப் பதிவு செய்வதில்லை.

உயிரோடு இருப்பவற்றையாவது தொண்டு நிறுவனங்கள் என்று சொல்லிவிட முடியுமா? அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமும், நடிகர் சங்கமும், கிரிக்கெட் சங்கமும், மனநலம் குன்றியோருக்கான இல்லமும் ஒரே சட்டத்தின் கீழ்ப் பதிவாகக் கூடியவை. இன்னொன்றும் இருக்கிறது. கல்வியை லாப நோக்கில் நடத்தக்கூடாது என்பது நம் சட்டத்தின் நிலைப்பாடு. ஆகவே சுயநிதிக் கல்லூரிகளும் தனியார் பள்ளிகளும் ஏதோவோர் அறக்கட்டளையின் அல்லது சங்கத்தின் பெயரில்தான் நடக்கின்றன. பணப்புழக்கத்தை வைத்துச் சென்னையின் லாப நோக்கற்ற அமைப்புகளை வரிசைப்படுத்தினால் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. பிள்ளைக்குக் கட்டணம் கட்ட நகையை அடகு வைத்த தகப்பனிடம், நீர் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குத்தான் பணம் கட்டினீர் என்று சொல்லிப் பாருங்கள்.

பெருநகரத்தில் கலங்கித் தெரிவது சிற்றூரில் தெளியக்கூடும். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் குச்சனூரை எடுத்துக்கொள்வோம். சின்னமனூருக்குப் பக்கத்தில், சுரபி நதிக்கரையில், சுயம்பு சனீஸ்வரன் கோயிலால் பெயர்பெற்ற பேரூராட்சி. லாப நோக்கற்ற நிறுவனத்துக்கு 2003இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட கையேடு ஐந்து இலக்கணங்கள் வகுத்தது. அது ஒரு அமைப்பாக இருக்க வேண்டும், லாபத்தைப் பங்கிடக்கூடாது, அரசுக்குப் புறம்பாக இருக்க வேண்டும், தன்னைத் தானே நிர்வகிக்க வேண்டும், சேர்க்கை கட்டாயமாக இருக்கக்கூடாது. இந்த அளவுகோலைக் குச்சனூர்மேல் வைத்துப் பார்க்கலாம்.

சனீஸ்வரன் கோயில் அறநிலையத் துறையின் கீழ் வருவதால் மூன்றாம் இலக்கணத்தில் இடறுகிறது. ஆடிச் சனிக்கிழமையில் தம் செலவில் அண்டா வைத்துச் சோறு போடும் குடும்பம் அமைப்பு அன்று. முதல் இலக்கணத்திலேயே விழுந்துவிடுகிறது. நம் கிராமங்களில் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் ஊர்க்கூட்டம் நான்கு இலக்கணங்களைத் தாண்டிவிடும். ஐந்தாவதில் சிக்கிக்கொள்ளும். அந்த வரியை விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. கொடுக்காதவரை ஊர் பார்க்கிற பார்வை வேறு. மகளிர் சுய உதவிக் குழுவோ சேமிப்பின் பயனை உறுப்பினர்களுக்குள்ளேயே பகிர்ந்துகொள்கிறது. ஆக, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வாழும் ஒரு ஊர், உலக இலக்கணப்படி ஏறக்குறைய ஒரு தொண்டு அமைப்பும் இல்லாத ஊராகிவிடுகிறது.

பள்ளத்தாக்கில் கொஞ்சம் அகலமாகப் பார்த்தால் ஏட்டில் ஏறக்கூடியவை தென்படுகின்றன. தேனியில் உறவின்முறையும் சாதிச் சங்கங்களும் வளர்த்த பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இருக்கிறது. மதுரையிலிருந்து கிளைவிட்ட அரவிந்த் கண் மருத்துவமனை தேனியில் நிற்கிறது. தொழுநோயாளிகளுக்கும் பின்னர் எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கும் ஆண்டிபட்டியில் பணியாற்றிய ஆரோக்ய அகம் இருக்கிறது. இவற்றில் சில மகமையில் முளைத்தவை; சில தனிமனிதக் கொடையில் முளைத்தவை; சில வெளியிலிருந்து வந்தவை. வேர் வேறாகும்போது பொறுப்பும் வேறாகிறது. மகமை கொடுத்த கடைக்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்பார். நோயாளியால் அப்படிக் கேட்க முடியாது.

இந்தப் பாடத்தோடு சென்னைக்குத் திரும்பினால், அங்கேயும் மண்ணடுக்குகள்போலப் பல காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது தெரிகிறது. அடியில் கஞ்சித் தொட்டி: ஹைதர் அலியுடனான போர்க்காலப் பஞ்சத்தில் 1782இல் பசித்தவருக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கி, பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையின் மூலமானது. அதன்மேல் 1794இல் மறைந்த பச்சையப்பரின் உயிலிலிருந்து எழுந்த அறக்கட்டளை. கோயில்களுக்கும் தர்மங்களுக்கும் எழுதிவைத்த பணம் நீதிமன்றத்தின் வழியாக 1842இல் பள்ளியாக மாறியது. அந்தக் கல்விச்சாலையோ 1947 வரை இந்துக்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. அடுத்து பெண்கள் கட்டிய அடுக்கு: முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம் (1930), துர்காபாயின் ஆந்திர மகிள சபா (1937), அடையாறு புற்றுநோய் மருத்துவமனை (1954). ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தால் மத்திய அரசின் நிறுவனமாயிற்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மனநலத்துக்காக ஸ்கார்ஃப், தற்கொலைத் தடுப்புக்காகச் சிநேகா, தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காகப் பான்யன் என்று துறைசார் அமைப்புகள் வந்தன. 2014க்குப் பிறகு, பெருநிறுவனங்கள் லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டத்தின் பணம் வந்து சேர்ந்தது.

இத்தனை அடுக்குகளுக்கும் வெளியே நின்ற ஒன்றை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டும். குச்சனூருக்குப் பக்கத்து ஊரைத் தன் பெயரின் முதலெழுத்தில் சுமந்தவர் சி.சு. செல்லப்பா. 1959இல் அவர் சென்னையிலிருந்து 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 1970 வரை நடத்தினார். புத்தகக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். லாப நோக்கமே இல்லாத ஒரு நிறுவனம் சென்னையில் இருந்திருக்குமென்றால் அது அதுதான். தமிழ்ப் புதுக்கவிதை அங்கேதான் வேர்பிடித்தது. ஆனால் எந்தத் தொண்டு நிறுவனக் கணக்கெடுப்பிலும் அதற்கு இடமிருக்காது. சிறுபத்திரிகைகள், வாடகை அறையில் நடக்கும் வாசகர் வட்டங்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகும் பால் பாக்கெட்டுமாக இறங்கி, நீர் வடிந்ததும் கலைந்துபோன இளைஞர்கள் எல்லாரும் இந்த வகைதான்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, ஒரு அமைப்பு யாருக்குப் பதில் சொல்கிறது என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்து அமைப்புகள் தம் ஆட்களுக்குப் பதில் சொல்கின்றன; ஆனால் அந்த 'தம் ஆட்கள்' பெரும்பாலும் சாதி எல்லையில் முடிந்துவிடுகிறார்கள். நகரத்து அமைப்புகள் அந்த எல்லையைக் கடக்கின்றன. ஆனால் பதில் சொல்வது கொடையாளருக்கும் வரி அதிகாரிக்கும்தான். பயனாளிக்கு எங்கேயும் நாற்காலி இல்லை. போதாக்குறைக்கு, 2020இல் வந்த திருத்தம், வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதைத் தடை செய்துவிட்டது. சென்னை அமைப்பொன்று தன் பெயரில் வாங்கிய அத்தகைய பணத்தை ஆண்டிபட்டிப் பக்கத்துச் சிறு குழுவுக்கு இனி அனுப்ப முடியாது. தில்லியில் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் நிலைப்பார்கள். தெரியாதவர்கள், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், மெல்ல மறைவார்கள்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் 1950 முதல் பொது அறக்கட்டளைச் சட்டமும் அதற்கென ஒரு அறநிலைய ஆணையரும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1853 முதல் ஆணையம் இருக்கிறது. அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தின் வரவு செலவை யாரும் வீட்டிலிருந்தே படிக்கலாம். தமிழ்நாட்டில் இந்து அறக்கொடைகளுக்கும் வக்ஃபுக்கும் சட்டங்கள் இருக்க, மதச்சார்பற்ற பொது அறக்கட்டளைகளுக்குப் பொதுவான மாநிலச் சட்டம் இல்லை. சார்பதிவாளரிடம் பத்திரம் பதிந்த பிறகு அவற்றை மாநிலம் மறந்துவிடுகிறது. பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு ஏடு, ஆண்டுக்கொரு தடவை தமிழில் இரண்டு பக்கக் கணக்கு, மூன்றாண்டுகள் கணக்குத் தராதவற்றுக்கு 'இயங்கவில்லை' என்ற முத்திரை. இவ்வளவு போதும்.

அப்படியொரு சட்டம் வந்தால் அரசுக்குப் பிடிக்காதவர்களை நெரிக்க அதுவே கயிறாகாதா என்ற கேள்வி எழும். நியாயமான அச்சம்தான். அதனால்தான் அந்த ஏடு அனுமதி தருவதாக இருக்கக்கூடாது, வெளிச்சம் போடுவதாக மட்டும் இருக்க வேண்டும் என்கிறேன். இயங்கும் உரிமையைப் பறிக்கும் அதிகாரம் அதற்கு வேண்டாம். பதிவு செய்யாமல் சோறு போடுபவரையும் கவிதை அச்சிடுபவரையும் அது சீண்டவும் கூடாது. பொதுமக்களிடம் கையேந்தி வரிச்சலுகையும் பெறுகிறவர் மட்டும் கணக்குச் சொல்லட்டும். அப்போது சென்னையின் தொண்டுலகம் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு நாம் நினைத்ததைவிடச் சிறிய எண்ணே பதிலாகக் கிடைக்கலாம். அந்தச் சிறிய எண்ணை நம்பி ஒருவர் நூறு ரூபாய் கொடுக்க முடியும்.