யாரோ நெனைக்காவ

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் ஐந்தருவிக்குப் போகும் பாதையில் பழக்கடைகள் முளைத்துவிடும். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியான். ரம்புட்டானை உரித்து இடுப்பிலிருக்கும் பிள்ளையின் வாயில் முழுசாகப் போட்டுவிட்டு அருவியைப் பார்த்து நடக்கிறோம். வழுக்கும் சதை, உள்ளே கொட்டை. பிள்ளைக்குக் கடைவாய்ப்பல் முளைத்ததா என்றுகூடப் பார்ப்பதில்லை. 2025-இல் நெல்லை மேலப்பாளையத்தில் ஒரு சிறுவன் ரம்புட்டான் கொட்டை தொண்டையில் சிக்கி இறந்தான். செய்தியைப் படித்து உச்சுக்கொட்டினோம். கொட்டையை நீக்கிச் சதையை நறுக்கித் தரும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

புரையேறினால் நமக்குத் தெரிந்த வைத்தியம் உச்சந்தலையில் தட்டுவது. "யாரோ நெனைக்காவ" என்று சிரிப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

தொண்டை என்பது சோற்றுக்கும் மூச்சுக்கும் பொதுவான பாதை. ஒரு வாய் விழுங்கும்போது உள்நாக்குப் பக்கம் மேலே எழும்பி மூக்கின் வழியை மூடுகிறது, குரல்வளை மேலேறுகிறது, குரல்வளை மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் இறுகுகின்றன, மூச்சு நிற்கிறது. உணவுக்குழாயின் வாய் திறந்து கவளம் உள்ளே போகிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள். முகுளம் என்னும் மூளைத்தண்டின் அடிப்பகுதி, ரயில்வே கேட் போல, இரண்டு போக்குவரத்தையும் மாற்றி மாற்றி விடுகிறது. தப்பித்தவறி ஒரு துளி மூச்சுப் பாதைக்குள் போனால் இருமல் அதைத் துரத்துகிறது. புரையேறுதல் என்பது அந்தக் காவல் விழித்திருப்பதன் அடையாளம். இருமுகிறவரை இருமவிட வேண்டும். இருமவும் பேசவும் முடியாமல் திணறினால்தான் நம் கை தேவை. அப்போதும் தலையில் அல்ல, குனியவைத்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கித் தட்ட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்தும் முறையை ஹைம்லிக் என்ற மருத்துவர் 1974-இலேயே சொல்லிவிட்டார். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் வயிற்றை அழுத்தக் கூடாது. நம்மில் எத்தனை பேர் கற்றுக்கொண்டோம்?

பெரியவர்கள் விஷயத்தில் நம் அலட்சியம் இன்னும் மோசம். பக்கவாதம் வந்தவரைக் கைத்தாங்கலாக அருவிக்கு அழைத்து வருகிறோம். மூலிகைத் தண்ணீர் பட்டால் நரம்பு முறுக்கேறும் என்று நம்பிக்கை. கை தூக்குகிறாரா, கால் ஊன்றுகிறாரா என்று பார்க்கிறோம். தொண்டையைப் பார்ப்பதில்லை. பக்கவாதம் வந்த ஆரம்ப நாட்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். அதில் சிலருக்கு இருமலே வராது. தண்ணீர் ஓசையில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். கட்டியான கஞ்சியைவிட வெறுந்தண்ணீரே இவர்களுக்கு அதிக ஆபத்து, அது தொண்டை தயாராகும் முன்பே ஓடிவிடுவதால். இது தெரியாமல் படுக்கையில் சாய்ந்திருப்பவரின் வாயில் டம்ளரைக் கவிழ்க்கிறோம். பத்து நாளில் காய்ச்சல், நிமோனியா. "நெஞ்சுச்சளி கட்டிப் போய்ட்டாவ" என்று ஊருக்குச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்களைக் கொன்ற கதையை 'பாரம்' படம் காட்டியது. அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. வாயில் பாலை ஊற்றி மூச்சை அடைப்பதும் அந்த வழக்கத்தின் ஒரு முறை. அதைக் கேட்டுப் பதறும் நாம், விழுங்க முடியாதவருக்குப் பாசத்தோடு பால் புகட்டும்போது என்ன நடக்கிறது என்று யோசிப்பதில்லை. நோக்கம் வேறு, நுரையீரலுக்கு நோக்கம் தெரியாது.

பேச்சுப் பயிற்சியாளர் என்றால் திக்குவாய்க்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். விழுங்குவதைச் சோதித்துப் பயிற்சி தருவதும் அவர்கள் வேலைதான். குடித்தபின் குரல் ஈரமாகக் களகளத்தால், சாப்பாடு நெடுநேரம் இழுத்தால், காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் அவர்களிடம் காட்ட வேண்டும். அதுவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியில் கொடுத்து, குரல்வளை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். ஊட்டி முடித்ததும் படுக்கவைக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவுக விழுங்குறதைச் சோதிச்சுப் பாத்தீங்களா, டாக்டர்?"