இணைப்பு அறுந்தால் இழப்பு யாருக்கு?

நியாயவிலைக் கடையின் கைரேகைக் கருவி 'இணைப்பு இல்லை' என்கிறது. அரிசி இருப்பில் உள்ளது; அட்டைதாரரும் எதிரே நிற்கிறார். ஆயினும் திருப்பி அனுப்பப்படுகிறார். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று கடந்துபோகிறோம். கோளாறு இணைப்பில்தான், அரிசி இல்லை என்பது, அத்தகைய நேரத்தில் என்ன செய்வது என்று முன்பே எடுக்கப்பட்ட கொள்கை முடிவு.

கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்து, கில்பர்ட், லிஞ்ச் இருவரும் 2002-இல் கணித முறைப்படி நிறுவிய தேற்றம் ஒன்று உண்டு. ஒரே பேரேட்டின் படிகள் பல ஊர்க் கணினிகளில் இருக்கின்றன. அவற்றுக்கிடையே தொடர்பு அறுந்தால், கணக்கு பிழைபடாதிருக்கப் பதில் சொல்ல மறுக்கலாம். அல்லது கையிலுள்ள பழைய படியை நம்பிச் சேவையைத் தொடரலாம். இரண்டையும் ஒருசேரப் பெற இயலாது. பொருளியல் படித்தவர்களுக்கு இது பழகிய செய்திதான். எதைத் தேர்ந்தாலும் விலை உண்டு. அதை யார் கொடுப்பது?

வங்கித் துறை இதற்கு ஓரளவு விடை கண்டுள்ளது. இணையமின்றிப் பணம் செலுத்த ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் அனுமதித்தபோது, ஒருமுறைக்கு 200 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய் என வரம்பிட்டது (பின்னர் இவை உயர்த்தப்பட்டன). பிழை நேர்ந்தாலும் இழப்பு ஓர் எல்லைக்குள் அடங்கும். யுபிஐ வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து அவருக்குச் சேராவிட்டால், மறுநாளைக்குள் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019-ஆம் ஆண்டின் விதி. எத்தனை பேர் அதைக் கேட்டுப் பெறுகிறார்கள் என்பது வேறு கதை.

நியாயவிலைக் கடையில் இழப்பின் எல்லை இதைவிடத் தெளிவானது. எந்த ஊரிலும் பொருள் வாங்கலாம் என்றான பின், மையப் பதிவைச் சரிபார்ப்பதில் நியாயம் உண்டுதான். ஆனால் சரிபார்க்காமல் கொடுத்தால் நேரக்கூடிய அதிகபட்ச நட்டம், ஓர் அட்டைக்கு ஒரு மாத அளவு இருமுறை போவதே. முன்னுரிமைக் குடும்பங்களுக்குச் சட்டப்படி நபருக்கு மாதம் 5 கிலோ. அடுத்த மாதம் கழித்துக்கொள்ளலாம். மறுத்தால் இழப்பு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் வருமானம். அதை யாரும் திருப்பித் தருவதில்லை.

தானியம் வழங்காவிட்டால் உணவுப் பாதுகாப்புப் படி தரவேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. கடைக்கு வந்து திரும்பியது எங்கும் பதிவாகாதபோது, எதைக் காட்டி அதைக் கோருவது? இணைப்பு இல்லாத நாளில் கையெழுத்துப் பெற்று அரிசி வழங்கட்டும். கணக்கைப் பின்னர் சரிசெய்யட்டும். அதற்கும் மனமில்லையெனில், மறுத்ததற்காவது ஒரு ரசீது தரட்டும்.