350 ரூபாய் ரயிலும் ஒரு அங்குலச் சிப்பாய்களும்

மார்ச் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடிட் என்று ரெண்டு மாசமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. நடுவில் வீட்டில் ஒரு யுத்தம். தங்கமணியோடு இல்லை, அது தினசரி நடப்பது :-) இது சாப்பாட்டு மேஜை மேல் நடக்கிற யுத்தம். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. திட்டுவதானால் பின்னூட்டத்தில் திட்டிக்கொள்ளுங்கள்.

கருத்து இதுதான். சின்னச் சிப்பாய் பொம்மைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள், ரயில் வேண்டுமென்றால் விலை உயர்ந்த மாடல் ரயில் வாங்கக் கூடாது. பிளாட்பாரக் கடையில் விற்கிற பேட்டரி ரயில்தான் வாங்க வேண்டும். "காசில்லாதவனுக்கு அது போதும்" என்று சொல்ல வரவில்லை. காசிருந்தாலும் அதுதான் சரி என்கிறேன்.

முதலில் கதை. ஒன்பது வருஷத்தில் மூன்று மாற்றல். இந்த முறை நாக்பூர், அதுவும் பையன் எட்டாம் வகுப்பில் பாதி படித்துக்கொண்டிருந்தபோது. புதுப் பள்ளிக்கூடம், மராத்தி பேசுகிற பையன்கள். வந்து நாலு மாசம், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். என்னடா பண்றே என்று பார்த்தால், இங்கிலாந்தில் யாரோ தாத்தாக்கள் மேஜை மேல் அங்குலச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடத்துகிற வீடியோக்கள். சிங்கப்பூர் மச்சான் வரும்போது ரெண்டு பெட்டி பிளாஸ்டிக் சிப்பாய்கள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறான், எனக்குத் தெரியாமலே. 1:72 அளவு. ஒரு பெட்டிக்கு நாற்பது ஐம்பது பேர்.

எனக்குக் குற்ற உணர்ச்சி. மாற்றலில் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்த அப்பாக்களுக்கு இது தெரியும். நாம் வாங்கிக் கொடுக்கிற பொருட்களில் பாதி அந்தக் கடனுக்கான வட்டிதானே? நல்ல வெளிநாட்டு மாடல் எஞ்சின் ஒன்றை ஆர்டர் பண்ணிவிட்டேன், 14,000 ரூபாய். சுங்க வரியை மறந்தே போனேன். பொம்மைக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. இதையெல்லாம் கஸ்டமருக்கு வாய் கிழிய விளக்குகிற பேங்க் ஆபீசர், தன் விஷயத்தில் கோட்டை விட்டான். கூரியர்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் "திருப்பி அனுப்பிடுங்க" என்றேன். தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வெறும் கையோடு வீட்டுக்குப் போக மனசில்லாமல் சீதாபர்டி கடைத்தெருவில் ஒரு பொம்மை ரயில் வாங்கினேன். 350 ரூபாய். கறுப்பு எஞ்சின், முன்னால் மாடு தள்ளும் சட்டம், புனல் மாதிரி புகைபோக்கி, மூன்று பெட்டி, வட்டமாக ஒரு பிளாஸ்டிக் தண்டவாளம். ஸ்விட்சைப் போட்டால் பாட்டு வேறு பாடும். பையன் ஒரு நிமிஷம் பார்த்தான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். உள்ளே போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தான். பத்து நிமிஷத்தில் மோட்டார், பாட்டுச் சில்லு, பேட்டரிப் பெட்டி எல்லாம் தரையில். "அப்பா, இதை அறுக்கலாம்ல?" என்றான். நாலு மாசத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி.

14,000 ரூபாய் எஞ்சினை அறுக்கலாமா என்று அவன் கேட்டிருக்க மாட்டான். கேட்டிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

"அளவு பொருந்தாதே, சிப்பாய் 1:72, பொம்மை ரயில் எந்த அளவுமே இல்லையே" என்று ஒருவர் கேட்பார். கேட்டார், புனேயில் இருக்கிற ஒரு மாடல் ரயில் பிரியர். "அது பொம்மை சார், மாடல் இல்லை" என்று போனிலேயே மூக்கைச் சுளித்தார். இதற்கு பி.காம். கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துத் துப்பாக்கி 300 மீட்டர் சுடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:72-ல் அது நாலு மீட்டருக்கு மேல். என் மேஜையின் நீளமே ஆறடி. எனவே எல்லாப் போர் விளையாட்டிலும் சிப்பாய் ஒரு அளவு, நிலம் இன்னொரு அளவு. நிலத்தைச் சுருக்கித்தான் ஆட முடியும். ஒரு எல்.எச்.பி. பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர் நீளம். 1:72-ல் 33 செ.மீ. இருபது பெட்டி கோத்தால் ஆறரை மீட்டர், ஹாலிலிருந்து சமையலறைக்குள் போய்விடும். அளவு சுத்தமாக இருக்கிற ரயில்தான் இந்த மேஜையில் தப்பாகத் தெரியும். பொம்மைக்காரன் கட்டைகுட்டையாகச் செய்த பெட்டிதான் பொருந்தும்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, கதவு. சிப்பாயை எஞ்சின் கதவுப் பக்கம் நிறுத்துங்கள். அவன் குனியாமல் உள்ளே போகலாம், கதவு அவனைப் போல ரெண்டு மடங்கும் இல்லை என்றால் கண் ஏமாந்துவிடும். கடைக்கே ஒரு சிப்பாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

பொம்மை ரயிலின் குறைகள் என்று சொல்வதெல்லாம் இங்கே குறையே இல்லை. வட்டமாக மட்டும்தான் ஓடும், மோட்டார் சத்தில்லாதது, அடிக்கடி தடம் புரளும். ஓட்டப்போவதே இல்லையே! ஒரு முறைக்குப் பன்னிரண்டு அங்குலம் என்று அடி ஸ்கேல் வைத்துக் கையால் தள்ளுகிறோம். மினுமினுப்புதான் பொம்மை என்று காட்டிக்கொடுக்கும். உப்புத்தாள் தேய்த்து, பளபளப்பில்லாத கறுப்பு அடித்து, சக்கரத்தோரம் துருப் பழுப்பை ஒற்றி எடுத்தால் தீர்ந்தது. தண்டவாளத்துக்கு அட்டை மேல் ஐஸ் குச்சிகளைக் கட்டையாக ஒட்டி, தங்கமணி ஊரிலிருந்து கொண்டு வந்த விளக்குமாற்றில் உருவிய ஈர்க்குச்சியை நீளவாக்கில் ஒட்டினோம். (விளக்குமாறு இளைத்துக்கொண்டே வருவது இன்னும் கவனிக்கப்படவில்லை.) சிப்பாய்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு கொடுத்த பிறகு வர்ணம் அடித்தால் உரியாது.

ஒரு எச்சரிக்கை. சில மலிவு ரயில்களில் பட்டன் பேட்டரி இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வாங்கிய அன்றே கழற்றி எறியுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் யுத்தம் என்ன தெரியுமா? 1862 ஏப்ரல் 12. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிக் ஷாண்டி என்கிற ஸ்டேஷன். ரயில்காரர்கள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கிய நேரத்தில் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் என்பவரும் அவர் ஆட்களும் 'ஜெனரல்' என்ற எஞ்சினைக் கடத்திக்கொண்டு வடக்கே சாட்டனூகா பக்கம் ஓடுகிறார்கள். வழியில் தந்திக் கம்பியை அறுப்பது, பாலங்களை எரிப்பது, இதுதான் திட்டம். கண்டக்டர் வில்லியம் ஃபுல்லர் விடவில்லை. முதலில் கால்நடையாக ஓடுகிறார், பிறகு கைத்தள்ளு வண்டி, பிறகு எஞ்சின் மாற்றி எஞ்சின், கடைசியில் 'டெக்சாஸ்' என்ற எஞ்சினைப் பின்பக்கமாகவே ஓட்டித் துரத்துகிறார். கிங்ஸ்டனில் எதிர் ரயில்களுக்காக ஆண்ட்ரூஸ் குழு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டிவந்தது. மழை வேறு, பாலங்கள் எரியவில்லை. ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தாண்டி ரிங்கோல்டு பக்கத்தில் விறகு தீர்ந்து எஞ்சின் நின்றது. பஸ்டர் கீட்டன் 1926-ல் இதை வைத்துத்தான் 'தி ஜெனரல்' படம் எடுத்தார். 140 கிலோமீட்டரை 1:72-ல் போட்டால் கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டர் மேஜை வேண்டும். அளவுக்காரர்கள் கவனிக்க!

மாடு தள்ளும் சட்டம், புனல் புகைபோக்கி வைத்த மலிவு ரயில் இதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. துரத்துவதற்கு இன்னொரு எஞ்சின் வேண்டுமே, மறுநாள் போய் அதே ரயிலில் இன்னொன்று வாங்கினேன். ஆக மொத்தம் 700 ரூபாய்.

ஊரிலிருந்து அம்மா போனில், "ஏன்டா, பிள்ளைக்குப் போய் சண்டை விளையாட்டு வாங்கித் தந்திருக்கே?" என்றார். நியாயமான கேள்வி. எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று இந்த விளையாட்டுக்கே விதிகள் எழுதினார். மூன்று நாலு முறை ஆடிப் பார்த்தாலே நிஜப் போர் எவ்வளவு குளறுபடியானது என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம். மறு வருஷமே உலகப் போர் வந்தது, அது வேறு விஷயம். என் பையன் ஆட்டம் முடிந்ததும் ஆண்ட்ரூஸுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று தேடினான். ஆண்ட்ரூஸையும் இன்னும் ஏழு பேரையும் தூக்கில் போட்டுவிட்டார்கள். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். "அப்ப சரி" என்றார், எது சரி என்று சொல்லவில்லை.

ரயில் நிஜமாக ஓட வேண்டும், சிக்னல் விழ வேண்டும், அதுதான் ஆசை என்றால் நல்ல மாடல் வாங்குங்கள், மலிவு ரயில் உங்களை அழ வைக்கும். அது வேறு பொழுதுபோக்கு. ஆனால் ஒரு விஷயம். போன ஊரில் ஒரு மேலதிகாரி வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் ஜெர்மன் ரயில் இருந்தது. வந்த பிள்ளைகள் எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். எங்கள் வீட்டில், மூன்றாவது மாடி மராத்திப் பையன் கதவைத் தட்டினான். தட்டிய வேகத்தில் மேஜைக்கு வந்து எஞ்சினைத் தூக்கினான், புகைபோக்கி கையோடு வந்துவிட்டது. பயந்து நின்றான். "அரே, சோட் ந, ஃபெவிகால் ஹை" என்றான் என் பையன். அடுத்த ஞாயிறு அவன் தம்பியும் வந்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மொத்தம் ஐந்து பேர். தங்கமணி ரெண்டு தோசைக்கல் போடுகிறாள்.

நாக்பூரில் குறுகிய பாதை ரயில் மியூசியம் ஒன்று இருக்கிறது. அங்கே கூட்டிப் போனபோது நான் மானாமதுரை மீட்டர் கேஜ் ரயிலைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். பையன் போனில் கணக்குப் போட்டான். 1,000 மில்லிமீட்டரை 60-ஆல் வகுத்தால் 16.7. உலகம் முழுக்கச் சாதாரணமாகக் கிடைக்கும் மாடல் தண்டவாளத்தின் அகலம் 16.5. பெரிய சைஸ் 28 மில்லிமீட்டர் சிப்பாய்கள் ஏறக்குறைய அதே 1:60 பக்கம்தான் வருவார்கள். "அப்பா, உங்க ஊர் ரயில் பொருந்தும்ப்பா" என்றான். அடுத்தது அதுவாம். போர் இல்லாமல் வெறும் ஸ்டேஷன், டீக்கடை, நான்.

மாற்றல் லிஸ்ட் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மொத்த யுத்தமும் ஒரே அட்டைப் பெட்டியில் அடங்குகிறது, அளந்து பார்த்துவிட்டேன். ஆனால் ரெண்டாவது எஞ்சினை இங்கேயே மூன்றாவது மாடியில் விட்டுவிட்டுப் போவதாகப் பையன் வாக்குக் கொடுத்திருக்கிறானாம், நேற்றுதான் தெரிந்தது.

இந்த ஞாயிறு என் தரப்பு ஆண்ட்ரூஸ். பாலம் எரிய பகடையில் ஆறு விழ வேண்டும், மழை என்பதால். இதுவரை ஒரு முறைகூட விழவில்லை.