அன்றாடச் சாலைக்கு ஏற்ற மோட்டார் வேண்டும்

மின்சார ஸ்கூட்டர் மோட்டாரின் செயல்திறன் 90 சதவீதத்துக்கும் மேல் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால், அது குறிப்பிட்ட வேகத்திலும் சுமையிலும் மட்டுமே கிடைக்கும் உச்ச அளவு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் வண்டி அந்த நிலையில் ஓடுவது சொற்ப நேரம்தான். எனவே, அன்றாட ஓட்டத்தில் ஏற்படும் மொத்த இழப்பைக் குறைப்பதே மோட்டார் வடிவமைப்பின் இலக்காக இருக்க வேண்டும்.

மோட்டாரில் முக்கியமான இழப்புகள் இரண்டு. ஒன்று, செம்புச் சுருளில் ஏற்படுவது. முறுக்குவிசை இருமடங்கானால் மின்னோட்டமும் ஏறக்குறைய இருமடங்காகும். வெப்பமோ நான்கு மடங்காகும். இருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் மெதுவாக ஏறும்போது இதுதான் பேட்டரியைத் தின்கிறது. மற்றொன்று, இரும்பு மையத்தில் ஏற்படுவது. இது வேகத்தோடு கூடும். புறவழிச்சாலையில் சீராகச் செல்லும்போது இதன் பங்கு அதிகம். வலுவான காந்தத்தை வைத்தால் செம்பு இழப்பு குறையும், இரும்பு இழப்பு கூடும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை வண்டி ஓடும் விதம்தான் தீர்மானிக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். இருசக்கர மின்வாகனங்கள் ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தைக் கணிக்க நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ‘இந்திய ஓட்டச் சுழற்சி’ என்ற சோதனை முறை 108 விநாடிகள் கொண்டது. அதன் அதிகபட்ச வேகம் மணிக்கு 42 கி.மீ.; சராசரி சுமார் 22 கி.மீ. அதில் ஏற்றம் இல்லை. தன் பழைய சோதனை முறை உண்மையான ஓட்டத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதால், ஐரோப்பா 2017இல் கார்களுக்குப் புதிய முறையைக் கொண்டுவந்தது. நாமும் தயங்கத் தேவையில்லை.

நம் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் செம்பின் மின்தடை ஏறக்குறைய 4% கூடும். நியோடிமியம் காந்தமும் சூட்டில் வலுவிழக்கும். எல்லை மீறினால் இழந்த வலு திரும்பாது. அதைத் தடுக்கவே டிஸ்புரோசியம் என்ற அரிய மண் தனிமத்தைச் சேர்க்கிறார்கள். அதன் ஏற்றுமதிக்குச் சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்தபோது இந்திய வாகனத் தொழில் தடுமாறியது. மோட்டார் உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்று தெரிந்தால், தேவைக்கு மேல் அதைச் சேர்ப்பதைத் தவிர்க்கலாம்.

இதற்கான வழிமுறை பொறியாளர்கள் அறிந்ததே. வேகம், ஏற்றம், சுமை ஆகியவற்றை விநாடிவாரியாகப் பதிவுசெய்து, அவற்றிலிருந்து முறுக்குவிசையைக் கணக்கிடலாம். அதிக ஆற்றல் செலவாகும் சில நிலைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கூட்டு இழப்பு மிகக் குறையும்படி சுருள், காந்தம், இரும்பு மையத் தகடுகளின் அளவுகளை முடிவுசெய்யலாம். பிறகு, நீண்ட ஏற்றத்திலும் சூடு எல்லைக்குள் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

குறைவாக இருப்பது இத்தகைய பதிவுகள்தான். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகும் தமிழ்நாடு இதில் முன்கை எடுக்கலாம். ஓட்டுநரின் அடையாளத்தை நீக்கிய ஓட்டப் பதிவுகளை நிறுவனங்கள் பொறியியல் கல்லூரிகளோடு பகிர வேண்டும். இருவர் அமர்ந்து, ஏற்றத்தில், 40 டிகிரி வெயிலில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை ஒவ்வொரு வண்டிக்கும் அறிவிக்குமாறு அரசு கட்டாயமாக்க வேண்டும். வாங்குவோரும் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்க வேண்டும்.

- கட்டுரையாளர், மின்மோட்டார் வடிவமைப்புப் பொறியாளர்.